உடுப்பிட்டிக் கிணறும் சூழலியலும்

வடமராட்சியின் மேற்குப் பாகத்திலே, வல்வெட்டித்துறைக் கடலுக்கும் வல்லைவெளிக்கும் இடையில் அமைந்த ஊர் உடுப்பிட்டி. வடக்கே நடந்தால் கடல். தென்மேற்கே நடந்தால் வடமராட்சிக் கடல்நீரேரி. இரு பக்கமும் உப்புநீர் சூழ்ந்திருக்க, நடுவேயுள்ள நிலத்தில் வாழையும் புகையிலையும் வெங்காயமும் விளைகின்றன, பனங்கூடல்கள் நிற்கின்றன, 1852ஆம் ஆண்டில் தொடங்கிய அமெரிக்க மிசன் கல்லூரி போன்ற பழைய பாடசாலைகளும், கோயில்களும், நெருங்கிய குடிமனைகளும் இருக்கின்றன. இவ்வளவுக்கும் நீர் தந்துவந்தது கிணறே. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. அயலிலுள்ள தொண்டைமானாறு பெயரளவில் ஆறாயினும், உண்மையில் அது கடல்நீரேரி கடலோடு கலக்கும் வாய்க்கால். கருணாகரத் தொண்டைமான் என்னும் சோழர் படைத்தலைவன் அதனை வெட்டுவித்தான் என்பது மரபுவழிச் செய்தி.

இரு மருங்கும் உவர் இருக்க, இடையில் சில பாகம் ஆழத்திலேயே குடிக்கத்தக்க நீர் எங்ஙனம் நிற்கின்றது? இந்த ஒரு வினாவைப் பற்றிக்கொண்டு போகும் மாணவன், சூழலியல் என்னும் துறையின் பெரும்பகுதியைத் தன் வீட்டுக் கிணற்றடியிலேயே கற்றுக்கொள்ளலாம்.

இத்துறைக்குப் பெயரிட்டவர் ஜெர்மானிய உயிரியலறிஞர் எர்ன்ஸ்ட் ஹெக்கல். 1866ஆம் ஆண்டில், வீடு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அவர் அதனை அமைத்தார். யாழ்ப்பாணத்தார்க்கு இப்பெயரின் பொருத்தத்தை விளக்க வேண்டியதில்லை. அவர்கள் வீடு என்னும்போது சுவரையும் கூரையையும் மட்டும் எண்ணுவதில்லை. வளவு முழுவதும் வீடே. கிணறு, மாட்டுக்கொட்டில், குப்பைக்கிடங்கு, கதியால் வேலி, வேலியோரத்து முருங்கை, கோடிப்புறத்துத் தென்னை ஆகிய யாவும் அதில் அடங்கும். அடுக்களைக் கழுநீர் வாழையடிக்குப் போகிறது. பூவரசங்குழை ஆட்டுக்குப் போகிறது. ஆட்டுப்புழுக்கை குப்பைக்கிடங்குக்குப் போய், அங்கிருந்து தோட்டத்துக்குப் போகிறது. இத்தகைய கொடுக்கல் வாங்கல்களின் கணக்கைத்தான் சூழலியல் ஆராய்கின்றது. ஆங்கிலேயத் தாவரவியலறிஞர் ஆர்தர் டான்சிலி 1935ஆம் ஆண்டில் மேலும் ஒரு படி சென்றார். உயிர்களை ஒரு புறமாகவும் மண், நீர், காற்று, வெயில் என்பவற்றை மற்றொரு புறமாகவும் வைத்து நோக்குவது பொருந்தாது. இரண்டும் சேர்ந்த ஒன்றே இயற்கையின் அலகு என்றார் அவர். அந்த அலகைத் தமிழிலே சூழற்றொகுதி என்கிறோம்.

உடுப்பிட்டிச் சூழற்றொகுதியின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். குடாநாடு முழுவதும் இக்கல்லின் மேலேயே அமர்ந்திருக்கிறது. கோடி ஆண்டுகளுக்கு முன்னர் ஆழமற்ற கடலில் வாழ்ந்த சிப்பி, பவளம் முதலிய உயிர்களின் ஓடுகள் படிந்து இறுகியதே இப்பாறை. எனவே கிணறு வெட்டுவோர் உளிகொண்டு உடைப்பதும் ஒரு காலத்தில் உயிர்களின் உடைமையாய் இருந்ததே. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகி, இக்கல்லை மெல்ல மெல்லக் கரைக்கின்றது. அதனால் கல்லுக்குள் வெடிப்புகளும் பொந்துகளும் உண்டாகி, அவற்றில் நீர் தங்குகின்றது. தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்திலின் அடியிற் படியும் வெள்ளைப் பொருக்கு, இவ்வாறு கரைந்துவந்த கல்லே.

ஆண்டொன்றுக்குக் குடாநாட்டில் பெய்யும் மழை ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர். இதன் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மாரியிலே கொட்டித் தீர்ந்துவிடும். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் நீர். இக்கணக்கின்படி, பதினாறு பரப்புக் கொண்ட ஓர் ஏக்கரில் ஆண்டு முழுவதும் விழும் நீர் ஏறத்தாழ 50 இலட்சம் லீற்றர். ஒரு பரப்புக்கு மூன்று இலட்சம் லீற்றருக்கு மேல். இந்நீரில் ஒரு பகுதி ஆவியாகின்றது. ஒரு பகுதி மரஞ்செடிகளால் உறிஞ்சப்படுகின்றது. ஒரு பகுதி வெள்ளமாய்க் கடலுக்கும் ஏரிக்கும் ஓடிவிடுகின்றது. எஞ்சியது கல்லுக்குள் இறங்குகின்றது. அடுத்த மாரி வரும்வரை ஊரின் முதல் அவ்வளவே.

இறங்கிய நன்னீர் கடல்நீரோடு ஏன் கலந்துவிடுவதில்லை? கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு கனமானது. ஆகவே நன்னீர், எண்ணெய் தண்ணீரில் மிதப்பதுபோல, நிலத்தடி உவர்நீரின் மேல் ஒரு வில்லை வடிவில் மிதக்கின்றது. நிலத்தடி நன்னீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயர்ந்திருந்தால், அதன் கீழே நாற்பது அடி ஆழம் வரை நன்னீர் நிற்கும் என்பது விதி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்துப் பொறியியலாளர் கைபென் என்பவரும், அவரை அறியாமலே 1901இல் ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க் என்பவரும் இதனைக் கண்டனர். நன்னீருக்கும் உவர்நீருக்கும் இடையே கூரான கோடு கிடையாது. இரண்டும் கலந்த ஒரு படையும் உண்டு. ஆயினும் விதி போதிய அளவு உண்மையே. புத்தூரிலுள்ள நிலாவரைக் கிணற்றின் மேற்பாகத்து நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவராகவும் இருப்பது இதற்குக் கண்கூடான சான்று.

இவ்விதியை மறுபுறமாகத் திருப்பிப் பார்த்தால் அச்சம் தோன்றும். மேல்மட்டம் ஓர் அடி தாழ்ந்தால், நாளடைவில் உவர்நீர் கீழிருந்து நாற்பது அடி வரை ஏறிவரக் கூடும். துலா மிதித்து நீர் இறைத்த காலத்தில் இதற்கு இயல்பான ஓர் எல்லை இருந்தது: மிதிப்பவர் களைத்தால் கிணறும் ஓய்ந்தது, ஓய்ந்த வேளையில் ஊற்று மீண்டும் சுரந்தது. 1950களிலிருந்து நீரிறைக்கும் எந்திரங்கள் தோட்டந்தோறும் பரவின. எந்திரத்துக்குக் களைப்பில்லை. கோடைப் பகலில் இடைவிடாது இறைத்துவிட்டு, பின்னர் கிணறு உவராகிவிட்டது என்று வருந்துவது குடாநாட்டின் பல ஊர்களில் கேட்கும் பேச்சு. ஒருமுறை உவரேறிய கிணறு ஒரே மாரியில் தேறிவிடுவதும் இல்லை.

நீர் சுற்றிச் சுற்றி வருவது, வெயிலோ அவ்வாறன்று. வெயிலாக வரும் ஆற்றல் ஒரு வழியால் வந்து உயிர்களினூடே சென்று வெப்பமாக வெளியேறிவிடுகின்றது, திரும்புவதில்லை. பசிய இலை அவ்வெயிலில் ஒரு சிறு பங்கை மட்டும் பிடித்துக் காபனீரொட்சைட்டும் நீருங்கொண்டு உணவாக்குகின்றது. தோட்டத்து வரம்பிற் புல் முளைக்கிறது. புல்லைத் தத்துவெட்டி தின்கிறது. தத்துவெட்டியை ஓணான் பிடிக்கிறது. ஓணானைச் செண்பகமோ பாம்போ கொள்கிறது. பாம்பைப் பருந்து தூக்கிச் செல்கிறது. இதுவே உணவுச் சங்கிலி. ஒவ்வொரு கண்ணியிலும் உண்ட உணவின் பெரும்பங்கு, ஓடவும் மூச்சுவிடவும் உடலை நிலைநிறுத்தவும் செலவாகிவிடுகின்றது. ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே அடுத்த கண்ணிக்கு எட்டுகின்றது. புல்லில் 10,000 கூறு ஆற்றல் இருந்தால் தத்துவெட்டிக்கு 1,000, ஓணானுக்கு 100, செண்பகத்துக்கு 10. வரம்பு நிறையத் தத்துவெட்டி இருந்தும் வானத்தில் பருந்து ஒன்றிரண்டே வட்டமிடுவதன் காரணம் இதுதான்.

இக்கணக்கை முதன்முதல் ஒரு முழுக் குளத்துக்குப் போட்டுக் காட்டியவர் ரேமண்ட் லிண்டமன் என்னும் அமெரிக்க இளைஞர். மினசோட்டா மாநிலத்துச் சிறு குளமொன்றின் நுண்பாசி முதல் மீன் ஈறாக எடுத்து அவர் ஆராய்ந்தார். அவருடைய கட்டுரை ஆராய்ச்சியை விடக் கற்பனையே மிகுந்தது எனக் கருதப்பட்டு முதலில் மறுக்கப்பட்டது, பின்னரே ஏற்கப்பட்டது. 1942ஆம் ஆண்டில் அது அச்சில் வந்தபோது லிண்டமன் உயிரோடில்லை. இறக்கும்போது அவருக்கு வயது இருபத்தாறு.

குடாநாட்டில் இவ்வாற்றலைப் பிடித்துத் தருவதில் பனைக்கு ஈடான மரம் இல்லை. நீர் வார்ப்பாரின்றி, பசளை இடுவாரின்றி, மாரி மழையை நம்பியே அது நிற்கின்றது. மனிதனுக்கு அது தரும் நுங்கும் பழமும் கிழங்கும் ஒடியலும் யாவரும் அறிந்தவை; அவனைத் தவிர்த்தும் அதற்குக் குடிகள் பலர். தொங்கும் காவோலையின் அடியில் பனை உழவாரன் என்னும் சிறுபறவை இறகையும் பஞ்சையும் எச்சிலால் ஒட்டிக் கூடமைக்கும். ஓலை நுனியில் தூக்கணாங்குருவி கூடு தொங்கவிடும். பழம் பழுக்கும் காலத்தில் மரநாய் இரவிலே வந்துபோகும். மரம் சாய்ந்தபின்பும் குடி நீங்குவதில்லை. கறையானும் காளானும் கண்ணுக்குத் தெரியாத பற்றீரியாவும் அதனை அரித்து மண்ணாக்குகின்றன. இவற்றைப் பிரிகையாக்கிகள் என்பர். இவை இல்லையாயின் ஊர் காவோலையிலும் சருகிலும் பிணத்திலும் புதைந்துபோயிருக்கும். மண்ணில் அடுத்த பயிருக்கு உணவும் இராது. கூரையிலிருந்தும் வேலியிலிருந்தும் கழித்த பழைய ஓலையை அந்நாட்களில் தோட்டக்காரர் வீசிவிடாமல் மண்ணிலே தாழ்த்தியது, இப்பிரிகையாக்கிகளுக்கு வேலை கொடுத்ததே ஆகும். போர்க்காலத்தில் குடாநாட்டுப் பனைகள் எண்ணற்றவை அழிந்தன. வடலி பனையாகி வடிசாறு தர இருபது ஆண்டளவு செல்லுமாதலால், அவ்விழப்பு விரைவில் ஈடாகத்தக்கதன்று.

இனி, கிணற்றை மீண்டும் நெருங்க வேண்டும். மண்ணிலிருந்து பயிர் எடுத்துக்கொள்ளும் பொருள்களுள் நைதரசன் தலையாயது. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு அதுவாக இருந்தும், பயிர் அதனை நேரே எடுக்கமாட்டாது. கடலிடையே நின்று தாகத்தால் வாடுபவன் நிலையே அதன் நிலை. பயறு, சணல் முதலிய அவரையினச் செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்கள், காற்று நைதரசனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன; கூலியாக மாப்பொருள் பெறுகின்றன. யாழ்ப்பாணத் தோட்டக்காரர் சணல் விதைத்து உழுததும், குழை தாழ்த்ததும், ஆடுமாடுகளைத் தோட்டத்திற் பட்டி கட்டியதும் இந்த நைதரசனை மண்ணிற் சேர்க்கவே. பெயர் அறியாதிருந்தனர், பயனை நன்கு அறிந்திருந்தனர். இருபதாம் நூற்றாண்டிற் காற்று நைதரசனைத் தொழிற்சாலையிற் பிடிக்கும் வழி பிறந்தபின், அது யூரியாவாகச் சாக்கிற் கட்டப்பட்டுத் தோட்டத்துக்கு வந்தது. விளைச்சல் பெருகியதை மறுக்க இயலாது. பசித்தவர்க்கு உணவு கிடைத்தமையும் உண்மை.

ஆனால் பயிர் எடுத்ததுபோக எஞ்சிய நைதரசன், மண்ணிலுள்ள பற்றீரியாக்களால் நைத்திரேற்றாக மாறுகின்றது. நைத்திரேற்று நீரில் எளிதிற் கரைவது. மண் அதனைப் பற்றிவைத்திருப்பதில்லை. அடியிலோ பொந்துகள் நிறைந்த சுண்ணாம்புக்கல். மாரிமழை அதனைக் கழுவி நேரே கிணற்று நீரோடு சேர்த்துவிடுகின்றது. நெருங்கிய குடிமனைகளில் கிணற்றுக்கு அருகே அமைந்த மலசலகூடக் குழிகளும் தம் பங்கைச் சேர்க்கின்றன. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. 1980கள் தொட்டு நடைபெற்ற ஆய்வுகள், குடாநாட்டிற் செறிவாகப் பயிர் செய்யும் பகுதிகளின் கிணறுகள் பலவற்றில் இவ்வெல்லை கடந்துபோயிருப்பதைக் காட்டின. இதனால் முதலில் இடருறுவோர் புட்டிப்பால் அருந்தும் கைக்குழந்தைகள். அவர்தம் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கக் கூடும். நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை. நீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்றுப் போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். கொதித்தாறிய நீர் எப்போதும் தீங்கற்றது என்னும் நம்பிக்கை இவ்விடத்தில் தாயை ஏமாற்றிவிடும். ஆதலால் கைக்குழந்தை உள்ள வீட்டார் கிணற்று நீரைச் சோதிப்பித்தல் அவசியம்.

இங்கே சிந்திக்கத்தக்க ஒரு கணக்கு உண்டு. லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுள்ள கிணற்றிலிருந்து, ஒரு போகத்தில் ஓர் ஏக்கருக்கு 20 அங்குல ஆழமான நீர் பாய்ச்சப்படுவதாகக் கொள்வோம். அந்நீரோடு தோட்டத்துக்குப் போகும் நைதரசன் ஏறத்தாழ 23 கிலோகிராம்; அஃதாவது 50 கிலோகிராம் யூரியா மூடை ஒன்றில் உள்ள அளவு. விலை கொடுத்து வாங்கிய பசளை கிணற்றுக்குள் இறங்கி, எரிபொருள் செலவிட்டு இறைக்கப்பட்டு, மீண்டும் அதே தோட்டத்துக்கு வருகின்றது. தோட்டக்காரரோ அதனைக் கணக்கில் எடாமல் மேலும் ஒரு மூடை இடுகின்றார். நீரைச் சோதித்து, அதிலுள்ளதைக் கழித்துப் பசளை இடுவாராயின் செலவும் குறையும், கிணறும் ஆறும்.

பசளையை ஒரேயடியாக நிறுத்திவிட்டால் என்ன என்று சிலர் கேட்பர். அவ்வாறும் ஒரு சோதனை நடந்தது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்தது. விளைச்சல் வீழ்ந்தது, அவ்வாண்டு நவம்பரிலேயே தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. பல்லாண்டுகளாக யூரியாவுக்குப் பழகிய மண்ணில் பற்றீரியாவும் மண்புழுவும் இலைமக்கும் ஒரு போகத்தில் திரும்பிவிடுவதில்லை. சூழற்றொகுதியைத் திருப்புவதற்கும் அதற்குரிய காலம் வேண்டும்.

நிலத்தடி நீருக்கு உறுதுணையானவை குளங்கள். குடாநாட்டில் சிறியதும் பெரியதுமாக ஆயிரம் குளங்கள் வரை உண்டு. மாரியில் ஓடிவரும் வெள்ளத்தைத் தடுத்து நிறுத்தி, மெல்ல மெல்லக் கல்லுக்குள் இறக்குவதே அவற்றின் முதன்மையான தொழில். ஊர்ப் பெரியோர் குளத்தருகே கேணி கட்டினர், ஆவுரோஞ்சிக்கல் நாட்டினர், கோடையில் வண்டல் வாரி வயலுக்கு இட்டனர். வண்டல் வாரியதால் வயல் கொழுத்தது. குளத்தின் அடி தூர்ந்துபோகாமையால் நீர் இறங்கும் வழியும் அடைபடவில்லை. குளத்தை மண்ணிட்டு நிரப்பிக் கட்டிடம் எழுப்புவோர் வெறும் பள்ளத்தை நிரப்புவதாகவே எண்ணுகின்றனர்; அயற்கிணறுகளின் வாயையும் அதனோடு அடைத்துவிடுகின்றனர்.

இம்மழைநீரைப் பெருமளவிற் காக்கும் எண்ணம் பொறியியலாளரிடத்தும் எழுந்தது. தொண்டைமானாற்று வாயிலில் 1950களின் முற்பகுதியில் ஒரு தடுப்பணை அமைந்தது. கடல்நீர் உள்ளே புகாமல் தடுத்து, மழைநீரால் ஏரியை ஆண்டுதோறும் கழுவினால், ஏரி காலப்போக்கில் நன்னீராகும். அதனால் இருமருங்குக் கிணறுகளின் உவரும் நீங்கும் என்பது கருத்து. பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னும் திட்டம் இதனையும் ஆனையிறவு ஏரியையும் ஒன்றாக இணைக்க முனைந்தது. அத்திட்டம் முழுமை பெறவில்லை. பின்னர் பழுதுற்ற தடுப்பணை மீளப் புதுப்பிக்கப்பட்டது.

தோட்டக்காரர் கண்ணுக்கு இது நன்மையே. ஏரியை நம்பியவர்க்கோ வேறு கணக்கு உண்டு. இறால் கடலில் முட்டையிடுகின்றது. அதன் குஞ்சுகள் ஏரியின் உவர்கலந்த அமைதியான நீருக்கு வந்து வளர்ந்து, பருவமடைந்தபின் கடலுக்கு மீள்கின்றன. வாயில் அடைபட்டால் இப்போக்குவரத்து நின்றுபோம். ஏரி நன்னீரானால் இறால் எங்கே போகும் என்று மீனவர் கேட்பதில் நியாயமிருக்கிறது. ஏரிக்கரையிலும் வல்லைவெளியிலும் உப்பைத் தாங்கி வளரும் உமரிச்செடிகளும், சேற்றிலுள்ள சிற்றுயிர்களும், அவற்றைத் தேடி மாரிக்காலத்தில் வடதிசையிலிருந்து வந்திறங்கும் பறவைக்கூட்டங்களும் அந்த உவர்நீருக்கே பழகியவை. எந்தப் பருவத்தில், எத்தனை நாள், எத்தனை கதவைத் திறப்பது என்னும் கேள்விக்கு இருதரப்பாரும் ஏற்கத்தக்க விடை ஒன்று உண்டாயின், அது ஏரியை நாள்தோறும் அளந்து பார்ப்போரிடமிருந்தே வரக்கூடும்.

அளத்தல் மாணவர்க்கும் கைகூடுவது. தொண்டைமானாற்றில் ஆசிரியர்களின் முயற்சியால் தோன்றிய வெளிக்கள நிலையம், பாடப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஏரிக்கரைக்குப் போகலாம் என்பதைக் காட்டியது. வீட்டளவில் இதற்கு வேண்டியவை ஒரு கயிறும் ஒரு குறிப்பேடுமே. கயிற்றின் நுனியில் ஒரு கல்லைக் கட்டி, அடிதோறும் முடிச்சிட்டு, கிணற்றுக் கட்டிலிருந்து நீர்மட்டம் வரையுள்ள ஆழத்தைச் சனிக்கிழமைதோறும் காலையில், எந்திரம் ஓடுவதற்கு முன்னர், அளந்து எழுதுதல் வேண்டும். மழை பெய்த நாளையும் பக்கத்திலே குறிக்கலாம். நேர்ப்பக்கமுள்ள தகரப் பேணி ஒன்றைத் திறந்த வெளியில் வைத்தால் மழையின் அளவும் கிடைத்துவிடும். ஆவணி, புரட்டாதியில் மட்டம் எவ்வளவு தாழ்ந்தது, ஐப்பசி முதல் மழைக்குப் பின் எத்தனை நாளில் ஏறத் தொடங்கியது, அயல்வீட்டுக் கிணறும் அதே நாளில் ஏறியதா, குளத்துக்கு அண்மையிலுள்ள கிணறு முந்தியதா பிந்தியதா என்பவற்றை இரண்டு மூன்று வகுப்பு மாணவர் சேர்ந்து ஈராண்டு எழுதி வைப்பாராயின், உடுப்பிட்டி நிலத்தடியில் நீர் எத்திசையிற் செல்கிறது என்பதை அவர்களே ஊராருக்குப் படம் வரைந்து காட்டலாம்.